பதினைந்து வயதிலும் பருவம் எய்தாத பெண்ணை யார் கேட்பது?

முகூர்த்த மாதங்களில் வரும் ஞாயிற்றுக்கிழமைகளில் திண்டிவனத்தில் மண்டபம் கிடைப்பது குதிரைக்கொம்பு. கல்யாணங்களுக்குப் போட்டியாக மஞ்சள் நீராட்டு விழாக்கள் நடக்கும். செஞ்சி சாலையிலும் மரக்காணம் சாலையிலும் ஃபிளெக்ஸ் பேனர்கள் வரிசையாக நிற்கும். நடுவில் பட்டுப் பாவாடை கட்டிய சிறுமி, சுற்றிலும் தாய்மாமன்களின் படங்கள், மேலே கட்சித் தலைவர்கள். மேளம் முன்னே போக, சீர்த்தட்டுகள் பின்னே வரும். ஒரு பெண் வயதுக்கு வந்துவிட்டாள் என்பது விழுப்புரம் மாவட்டத்தில் ஊரே அறியவேண்டிய செய்தி.

அதே தெருவில் பதினாறு வயதாகியும் வயதுக்கு வராத பெண் ஒருத்தி இருந்தால், அது வாசலைத் தாண்டக் கூடாத செய்தியாகிவிடுகிறது. "எங்க வகையில எல்லாருமே லேட்டுதான்" என்று அம்மா சொல்வார். உளுந்தங்களி கிண்டிக் கொடுப்பார்கள், எள்ளுருண்டை கொடுப்பார்கள், மேல்மலையனூர் அங்காளம்மனுக்கு வேண்டிக்கொண்டு அமாவாசைதோறும் போய்வருவார்கள். வேண்டுதலைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கோயிலுக்குப் போகிற அதே குடும்பம் முண்டியம்பாக்கத்தில் இறங்கி மகளிர் மருத்துவரையும் பார்த்துவிட்டுப் போனால் போதும் என்றுதான் சொல்கிறேன். பெரும்பாலும் அது நடப்பதில்லை. பதினெட்டு முடிந்ததும் "கல்யாணம் ஆனா எல்லாம் சரியாயிடும்" என்று மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கிவிடுகிறார்கள்.

பருவம் தாமதமாவதற்குக் காரணங்கள் பல. உடல் மெலிவு, தைராய்டு கோளாறு, பிறவியிலேயே கருப்பை வளராமலிருப்பது, அம்மாவைப் போலவே இயல்பாகத் தாமதமாவது என்று பட்டியல் நீளம். அவற்றில் அதிகம் கவனிக்கப்படாத ஒன்று, சினைப்பைகள் இளவயதிலேயே செயல் குன்றிப்போவது. மருத்துவர்கள் இதைச் சுருக்கமாக பிஓஐ என்கிறார்கள். பெண் குழந்தை பிறக்கும்போதே அதன் சினைப்பைகளில் 10 முதல் 20 லட்சம் கருமுட்டைகள் இருக்கின்றன. பருவம் எய்தும்போது 3, 4 லட்சம் மிஞ்சும். வாழ்நாள் முழுவதும் முதிர்ந்து வெளிவருவது 400, 500 மட்டுமே. சிலருக்கு இந்த இருப்பு தொடக்கத்திலேயே குறைவாக இருக்கிறது, அல்லது அளவுக்கு மீறிய வேகத்தில் கரைந்துபோகிறது. நாற்பது வயதுக்கு முன் சினைப்பைகள் இப்படி ஓய்ந்துபோனால் அது பிஓஐ. பள்ளி மாணவிக்கும் இது வரலாம்.

எவ்வளவு பேருக்கு வருகிறது? நெடுங்காலமாகச் சொல்லப்பட்டுவரும் கணக்கு, அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்து ராச்செஸ்டர் நகரில் நடந்து 1986-இல் வெளியான ஓர் ஆய்வின் வழி வந்தது. நாற்பது வயதுக்குள் 100 பெண்களில் ஒருவருக்கு, முப்பதுக்குள் 1,000-இல் ஒருவருக்கு, இருபதுக்குள் 10,000-இல் ஒருவருக்கு என்பது அது. பல நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்து 2024-இல் வெளியான சர்வதேச மருத்துவ வழிகாட்டுதல், நாற்பது வயதுக்குட்பட்டோரில் இது 3.5 சதவீதம் வரை இருக்கலாம் என்கிறது. ஆனால் பதின்வயதில் இது அரிதானதே. இதைப் படிக்கும் பெற்றோர், மகளுக்கு ஒரு மாதம் தள்ளிப்போனதற்காகக் கலங்க வேண்டியதில்லை. வயதுக்கு வந்த முதல் ஓரிரு ஆண்டுகளில் மாதவிலக்கு முன்பின்னாக வருவது வழக்கம்.

அரிதானது என்பதாலேயே விட்டுவிடவும் முடியாது. கள்ளக்குறிச்சி 2019-இல் தனி மாவட்டமாகப் பிரிந்த பிறகும் விழுப்புரம் மாவட்டத்தின் மக்கள்தொகை சுமார் 20 லட்சம். பத்திலிருந்து பத்தொன்பது வயதுக்குள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் இருப்பார்கள். ஒரு லட்சம் என்றே வைத்துக்கொண்டாலும், இருபது வயதுக்குள் மாதவிலக்கு தானாக நின்றுபோகிறவர்கள் பத்துப் பேர் இருக்க வேண்டும். டர்னர் குறைபாடு என்ற குரோமோசோம் குறையோடு பிறந்தவர்கள் தனி. உலகெங்கும் 2,000 முதல் 2,500 பெண் குழந்தைகளுக்கு ஒன்று அப்படிப் பிறக்கிறது. அந்தக் கணக்கில் மேலும் 40 பேர். ஒலக்கூரிலோ வல்லத்திலோ வானூரிலோ கண்டமங்கலத்திலோ இப்போது பள்ளிக்குப் போய்க்கொண்டிருக்கும் பிள்ளைகள் இவர்கள். இவர்களில் எத்தனை பேரின் பெயர் மருத்துவரிடம் இருக்கிறது?

தமிழக அரசு பெண்களைக் கணக்கெடுக்காத அரசு இல்லை. ஒரு பெண் கருவுற்றதும் பிக்மி எண் வாங்க வேண்டும். அது இல்லாமல் குழந்தைக்குப் பிறப்புச் சான்றிதழ் வாங்குவது கடினம். கிராம சுகாதார செவிலியரின் பதிவேட்டில் அவள் எடை, ரத்த அளவு, தடுப்பூசி, பிரசவ தேதி எல்லாம் ஏறும். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவியும் அந்தப் பதிவை ஒட்டித்தான் வருகிறது. நாட்டுக்கே எடுத்துக்காட்டான ஏற்பாடு இது. பேறுகால மரணங்களைக் குறைத்ததில் தமிழகம் முன்னே நிற்பதற்கு இந்தச் செவிலியர்களின் உழைப்பு பெரிய காரணம். ஆனால் கருவுறாத பெண், கருவுற முடியாத பெண் அந்தப் பதிவேட்டின் எந்தப் பக்கத்தில் வருவாள்?

பருவப் பெண்களுக்கென்று இருப்பது புதுயுகம் திட்டம். பத்து முதல் பத்தொன்பது வயது வரையுள்ள கிராமப்புறப் பெண்களுக்கு இரண்டு மாதத்துக்கு மூன்று பாக்கெட் நாப்கின் என்று பத்தாண்டுகளுக்கு மேலாக வழங்கப்பட்டுவருகிறது. வயதுக்கு வந்தவர்களின் பெயர்களை எழுதி, கையெழுத்து வாங்கிக் கொடுக்கிறார்கள். அங்கன்வாடியில் ஒரு பிற்பகல் இருந்து பார்த்தால் தெரியும்: வாங்கிப்போகிற பெண்ணின் பெயருக்கு நேரே டிக் விழுகிறது. பட்டியலிலேயே இல்லாத பெண்ணைப் பற்றி யாரும் கேட்பதில்லை. கேட்க வேண்டும் என்று யாரும் சொல்லவும் இல்லை. தெருவுக்குத் தெரிந்தது செவிலியருக்கும் தெரியும்தான். ஆனால் அது அவருடைய வேலைப்பட்டியலில் கிடையாது.

2013 முதல் பள்ளிகளுக்கு வரும் நடமாடும் மருத்துவக் குழுவின் படிவத்தில், மாதவிலக்கு தாமதமா, ஒழுங்கில்லையா என்ற கேள்விகள் இருக்கின்றன. நல்ல கேள்விகள். ஆனால் ஒரே நாளில் ஒரு பள்ளியின் அத்தனை பிள்ளைகளையும் பார்த்துமுடிக்க வேண்டிய குழு, வகுப்புத் தோழிகள் வரிசையில் நிற்கும்போது ஒன்பதாம் வகுப்புப் பெண்ணிடம் இதைக் கேட்டால் அவள் என்ன சொல்வாள்? "எல்லாம் சரியா இருக்கு" என்பாள். பல பெண்கள், வயதுக்கு வந்துவிட்டதாகத் தோழிகளிடம் பொய் சொல்லிச் சமாளிக்கிறார்கள். அந்தப் பொய்யைச் சொல்லவைத்தது நாம்தான்.

பிஓஐ ஏன் வருகிறது என்பதற்கு வருகிறேன். இங்கே மருத்துவம் பணிவோடுதான் பேச முடியும். குரோமோசோம்கள் இயல்பாக இருக்கும் பதின்வயதுப் பெண்களில் பெரும்பாலோருக்கு எவ்வளவு தேடினாலும் காரணம் அகப்படுவதில்லை. அகப்படும் காரணங்களில், அதிலும் மாதவிலக்கே வராதவர்களிடம், முதலில் நிற்பது டர்னர் குறைபாடு. பெண்ணின் இரண்டு எக்ஸ் குரோமோசோம்களில் ஒன்று முழுதாகவோ பகுதியாகவோ இல்லாமல் பிறப்பது அது. அமெரிக்க மருத்துவர் ஹென்றி டர்னர் 1938-இல் இதை விவரித்தார். வகுப்பில் முதல் பெஞ்சிலேயே உட்காரவைக்கப்படும் அளவுக்கு உயரக் குறைவு, கழுத்தின் இருபுறமும் தோல் அகன்றிருத்தல், மார்பு வளராமை ஆகியவை அடையாளங்கள். அறிவுத்திறன் பெரும்பாலும் இயல்பாகவே இருக்கும். உயரம் குறைந்த பெண்ணை "அவங்க பாட்டி மாதிரி" என்று சொல்லி விட்டுவிடுகிறோம். ஐந்து, ஆறு வயதில் கண்டுபிடித்தால் வளர்ச்சி ஹார்மோன் கொடுத்து உயரத்தைக் கூட்டலாம். இதயத்தின் பெருந்தமனியில் குறுக்கம் இருக்கிறதா, சிறுநீரகம் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிடலாம். பதினெட்டில் வந்தால் உயரத்துக்கான காலம் கடந்திருக்கும். குரோமோசோம் பரிசோதனையில் அரிதாகச் சிலருக்கு ஒய் குரோமோசோமின் துணுக்கு தென்படும். அவர்களுடைய வளராத சினைப்பைகளில் கட்டி உருவாகும் அபாயம் இருப்பதால் அவற்றை அகற்ற வேண்டியிருக்கும். ஆகவே இந்தப் பரிசோதனையைத் தட்டிக்கழிக்கக் கூடாது.

இன்னொரு காரணம் நம் வீட்டுக்குள் இருப்பது. தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழகத்தில் நான்கில் ஒன்றுக்கும் மேற்பட்ட திருமணங்கள் சொந்தத்தில் நடக்கின்றன. சினைப்பை வளர்ச்சிக்குத் தேவையான சில மரபணுக்களில் குறையிருந்தால், ஒரு நகல் மட்டும் பழுதானவருக்கு எதுவும் தெரியாது. அம்மாவிடமிருந்தும் அப்பாவிடமிருந்தும் அதே பழுது ஒரு குழந்தைக்கு இரட்டையாகச் சேரும்போதுதான் பாதிப்பு வெளிப்படும். உறவுக்குள் மணமுடித்த குடும்பங்களில் பிறந்த பெண்களிடம் இத்தகைய மரபணுக் குறைகள் உலகின் பல பகுதிகளில் கண்டறியப்பட்டிருக்கின்றன. சொந்தத்தில் பிறந்த எல்லாப் பெண்களுக்கும் இது வரும் என்று பொருள் இல்லை. ஆனால் தாய்மாமனுக்கோ அத்தை மகனுக்கோ கட்டிக்கொடுத்த வீட்டில் ஒரு பெண் பருவம் எய்தாமல் இருந்தால், அவள் தங்கையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். தாயின் உடன்பிறந்த ஆண்களில் யாருக்காவது மனவளர்ச்சிக் குறைபாடு இருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். ஃபிராஜைல் எக்ஸ் என்ற மரபுக் குறையின் மெலிந்த வடிவம் பெண்களிடம் சினைப்பையைப் பாதிக்கும்.

உடலின் எதிர்ப்பாற்றல் தன் உறுப்புகளையே தாக்குவது மற்றொன்று. தைராய்டும் அட்ரீனல் சுரப்பியும் சேர்ந்தே பாதிக்கப்படலாம் என்பதால் அவற்றையும் பார்த்துவிடுவார்கள். பொன்னுக்கு வீங்கி அரிதாக ஒரு காரணம். பிராய்லர் கோழி, செல்போன், நாப்கின் என்று டீக்கடையில் சொல்லப்படுபவற்றுக்கு ஆதாரம் எதுவும் இல்லை.

புற்றுநோய் சிகிச்சையைத் தனியாகச் சொல்ல வேண்டும். ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தையைத் தூக்கிக்கொண்டு இந்த மாவட்டத்துப் பெற்றோர் புதுச்சேரி ஜிப்மருக்கோ சென்னை அடையாறுக்கோ ஓடுகிறார்கள். இன்று அந்தக் குழந்தைகளில் பெரும்பகுதியினர் பிழைத்து வளர்கிறார்கள். ஆனால் சைக்ளோபாஸ்ஃபமைட் போன்ற மருந்துகளும் இடுப்புப் பகுதிக்குக் கொடுக்கும் கதிர்வீச்சும் சினைப்பையின் இருப்பைக் கரைக்கும். உயிர் பிழைத்தால் போதும் என்றிருக்கும் நேரத்தில் இதை யாரும் கேட்கமாட்டார்கள். கேட்கவும் தோன்றாது. பெல்ஜியத்தில் பதின்மூன்று வயதில், எலும்பு மஜ்ஜை மாற்றுக்கு முன் சினைப்பைத் திசுவை எடுத்து உறையவைத்த ஒரு பெண், அதைத் திரும்பப் பொருத்திக்கொண்டு பின்னாளில் தாயானார். 2015-இல் உலகம் அறிந்த செய்தி அது. நம் ஊரில் இன்றைக்கே எல்லோருக்கும் அது கிடைக்காது. சிகிச்சைக்கு முன் மருத்துவர் ஐந்து நிமிடம் இதைப் பற்றிப் பேசுவதும், பிழைத்த பெண்ணைப் பன்னிரண்டு வயதிலிருந்தே கவனித்துவருவதும் இன்றைக்கே முடியும்.

ஒரு வதந்தியையும் இப்போதே எதிர்கொண்டாக வேண்டும். கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் எச்பிவி தடுப்பூசியைப் பதின்வயதுப் பெண்களுக்கு இலவசமாகப் போடுவதற்கு 2025-26 தமிழக நிதிநிலை அறிக்கை 36 கோடி ரூபாய் ஒதுக்கியது. தடுப்பூசி வரும் இடத்துக்கு வாட்ஸ்அப் முன்கூட்டியே வந்துவிடும். 2017-இல் தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசி முகாமின்போது பெற்றோர் பள்ளி வாசலில் நின்று பிள்ளைகளைத் திருப்பி அழைத்துப்போனதைத் தமிழகம் பார்த்திருக்கிறது. எச்பிவி ஊசி போட்டால் சினைப்பை செயலிழந்துவிடும் என்ற பேச்சு, ஆஸ்திரேலியாவில் பதினாறு வயதுப் பெண் ஒருவரைப் பற்றி 2012-இல் வெளியான மருத்துவக் குறிப்பிலிருந்து பரவியது. ஒருவருக்கு ஊசிக்குப் பின் நேர்ந்தது என்பதால் ஊசியால் நேர்ந்தது என்றாகிவிடாது. அதைச் சோதிக்க ஆயிரக்கணக்கானோரை ஒப்பிட வேண்டும். ஒப்பிட்டார்கள். அமெரிக்காவில் ஏறக்குறைய 2 லட்சம் இளம்பெண்களின் பதிவுகளை ஆராய்ந்து 2018-இல் வெளியான ஆய்விலும், டென்மார்க்கில் சுமார் 10 லட்சம் பெண்களைப் பின்தொடர்ந்து 2021-இல் வெளியான ஆய்விலும், ஊசி போட்டவர்களுக்கு இந்தக் குறைபாடு கூடவில்லை. தடுப்பூசி வருவதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே, 1942-இல், ஃபுல்லர் ஆல்பிரைட் இந்த நோய்க்குப் பெயர் வைத்துவிட்டார். உங்கள் மகளுக்கு ஊசி போடுங்கள்.

இனி, மருத்துவரிடம் போன பிறகு நடப்பது. மாதவிலக்கு நான்கைந்து மாதம் நின்றுபோன பெண்ணை அழைத்துப்போனால் "பிசிஓடி" (சினைப்பை நீர்க்கட்டி) என்ற சொல் உடனே வந்துவிடுகிறது. இன்று அது எங்கும் காணப்படுவதுதான், மறுக்கவில்லை. பத்து நாள் மாத்திரை தருவார்கள், ரத்தப்போக்கு வரும், வீட்டில் நிம்மதி வரும், மறுபடி நிற்கும். இப்படியே மூன்று, நான்கு ஆண்டுகள் ஓடுகின்றன. பிசிஓடி இருக்கும் பெண்ணின் உடலில் ஈஸ்ட்ரஜன் இருக்கிறது. பிஓஐ உள்ள பெண்ணிடம் அதுதான் குறைவு. இரண்டையும் பிரித்துக்காட்ட ஒரு குப்பி ரத்தம் போதும். எஃப்எஸ்எச் என்ற ஹார்மோனை மூளையின் அடியிலிருக்கும் பிட்யூட்டரி சுரப்பி அனுப்புகிறது. சினைப்பை பதில் தராவிட்டால், கதவு திறக்காத வீட்டின் முன் நின்று மேலும் மேலும் உரக்கக் கூப்பிடுபவரைப் போல அது சுரந்துகொண்டே இருக்கும். மாதவிலக்கு நான்கு மாதத்துக்கு மேல் வராத பெண்ணின் பரிசோதனைச் சீட்டில் எஃப்எஸ்எச் 25-க்கு மேல் இருந்தால் பிஓஐ என்று கொள்ளலாம் என்கிறது 2024-ஆம் ஆண்டு வழிகாட்டுதல். சந்தேகம் இருந்தால் நான்கு வாரம் கழித்து இன்னொரு முறை பார்ப்பார்கள். தனியார் ஆய்வகத்தில் சில நூறு ரூபாய்ச் செலவு. அந்தச் சில நூறு ரூபாய்க்கான சீட்டு எழுதப்படாமல் போவதால் ஒரு பெண் இழப்பது என்ன?

முதலில் எலும்பை இழக்கிறாள். வாழ்நாளுக்குத் தேவையான எலும்பு வலிமையின் பெரும்பகுதி இருபது வயதுக்குள் சேர்ந்துவிட வேண்டும். அதைச் சேர்க்க ஈஸ்ட்ரஜன் வேண்டும். பதினான்கு முதல் இருபது வரை அது இல்லாமல் கழிந்தால், பிறகு எவ்வளவு கால்சியம் கொடுத்தாலும் முழுதாக ஈடுகட்ட முடியாது. முப்பது வயதில் மணிலாக் கொல்லையில் குனிந்து வேலை செய்யும்போது, மரக்காணம் உப்பளத்தில் கூடை தூக்கும்போது அந்தக் கணக்கு வந்து நிற்கும். இதயமும் ரத்த நாளங்களும்கூட இந்த ஹார்மோனை நம்பியிருக்கின்றன. மருந்து புதிதும் இல்லை, அரிதும் இல்லை. உடலில் இயல்பாகச் சுரக்க வேண்டிய ஈஸ்ட்ரடையாலை மாத்திரையாகவோ தோலில் ஒட்டும் பட்டையாகவோ சிறிய அளவில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டுவார்கள். பின்னர் புரோஜெஸ்டிரோனைச் சேர்ப்பார்கள். இயல்பாக மாதவிலக்கு நிற்கும் வயது வரை, ஏறக்குறைய ஐம்பது வரை, இதைத் தொடர வேண்டும்.

"ஹார்மோன் மாத்திரை வேணாம், கேன்சர் வரும்" என்று பக்கத்து வீட்டில் சொல்வார்கள். ஐம்பது வயதுக்கு மேல் மாதவிலக்கு நின்றவர்கள் எடுத்துக்கொள்ளும் சிகிச்சையைப் பற்றிய பயம் அது. இவளுக்குக் கொடுக்கப்படுவது, அவள் வயதுப் பெண்ணின் உடலில் இருந்தாக வேண்டிய அளவு. சர்க்கரை நோயுள்ள பிள்ளைக்கு இன்சுலின் கொடுப்பதை யாரும் தடுப்பதில்லை.

குழந்தை பிறக்குமா என்ற கேள்வி வரும். அம்மா கேட்பார், அதற்குப் பிறகு அந்தப் பெண்ணே கேட்பாள். அவளிடம் பொய் சொல்லக் கூடாது. பிஓஐ உள்ளவர்களில் 5 முதல் 10 சதவீதம் பேர் இயற்கையாகவே கருவுறுகிறார்கள். சினைப்பை எப்போதாவது விழித்துக்கொள்வது உண்டு. மற்றவர்களுக்குத் தானமாகப் பெற்ற கருமுட்டையின் வழியாகவும் தத்தெடுப்பின் வழியாகவும் தாய்மை சாத்தியம். கருமுட்டைத் தானத்தை 2021-ஆம் ஆண்டின் இனப்பெருக்கத் தொழில்நுட்பச் சட்டம் ஒழுங்குபடுத்துகிறது. பதினாறு வயதுப் பெண்ணுக்கு இவை எல்லாவற்றையும் ஒரே நாளில் கொட்டத் தேவையில்லை. ஆனால் அவளை வெளியே உட்காரவைத்துவிட்டு அவள் உடலைப் பற்றி அப்பாவிடமும் சித்தப்பாவிடமும் மட்டும் பேசும் வழக்கத்தை நிறுத்த வேண்டும். அவளுக்குத் தெரியாமல் மறைத்துக் கட்டிக்கொடுத்து, இரண்டு ஆண்டு கழித்து "மலடி" என்ற பெயரோடு அவள் அம்மா வீட்டுக்குத் திரும்பி வருவதைப் போன்ற கொடுமை வேறில்லை. அந்தக் கல்யாணத்தில் ஏமாற்றப்பட்ட முதல் ஆள் அவள்தான்.

விழுப்புரம் மாவட்டத்தில் இதற்கான வசதி இல்லை என்று சொல்ல முடியாது. முண்டியம்பாக்கத்தில் 2010 முதல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. திண்டிவனத்தில் அரசு மருத்துவமனை இருக்கிறது. இரண்டு ஊர்களிலிருந்தும் ஜிப்மர் ஒன்றிரண்டு மணி நேர பஸ் பயணம்தான். குறையாக இருப்பது, ஊரில் இருக்கும் பெண்ணை அங்கே கொண்டுசேர்க்கும் ஒரு வரி. புதுயுகம் பதிவேட்டில் நாப்கின் வாங்கிய பெண்களின் பெயரோடு, பதினைந்து முடிந்தும் தேவைப்படாத பெண்களின் பெயரையும், பதின்மூன்று முடிந்தும் மார்பு வளர்ச்சி தொடங்காதவர்களின் பெயரையும், நான்கு மாதமாக வாங்க வராதவர்களின் பெயரையும் செவிலியர் குறித்துக்கொள்ளட்டும். அந்தப் பெயர்கள் ஊரில் கசியாமல் நேரே ஆரம்ப சுகாதார நிலையப் பெண் மருத்துவரிடம் போகட்டும். எஃப்எஸ்எச், தைராய்டு, புரோலாக்டின் பரிசோதனைகளை அரசே இலவசமாகச் செய்யட்டும். குரோமோசோம் பரிசோதனைக்குச் சில ஆயிரம் ரூபாய் ஆகும் என்பதால் அதை முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டுக்குள் கொண்டுவரட்டும். ஈஸ்ட்ரடையால் மாத்திரை, சர்க்கரை மாத்திரையைப் போல மாதாமாதம் சுகாதார நிலையத்திலேயே கிடைக்கட்டும். ஒரு மாவட்டத்துக்கு ஐம்பது, அறுபது பேருக்கான மாத்திரை அரசுக்குச் செலவே இல்லை.

அரசு செய்யும்வரை காத்திருக்க வேண்டாம் என்று பெற்றோரைக் கேட்டுக்கொள்கிறேன். உங்கள் மகளுக்குப் பதினைந்து முடிந்தும் மாதவிலக்கு வரவில்லை என்றாலோ, வந்துகொண்டிருந்தது மூன்று, நான்கு மாதமாக நின்றுவிட்டது என்றாலோ, இந்த வாரமே அரசு மருத்துவமனையின் மகளிர் பிரிவுக்கு அவளை அழைத்துப்போங்கள். மருத்துவரிடம் எஃப்எஸ்எச் பார்க்க வேண்டுமா என்று நீங்களே கேளுங்கள். வரன் பார்ப்பதை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.